முதலில் ஏறி, கடைசியில் இறங்கி

படிவத்தின் மூன்றாவது கட்டத்தில்
பேனா நின்றுவிட்டதாம்.
மார்லிஸ் சொன்னாள்,
பள்ளி அலுவலகத்தின் பின்வாசலில் நின்று.
சிகரெட்டை விட்டுப் பத்து நாள்;
விரல்கள் மட்டும் இன்னும் விடவில்லை.

வீட்டு முகவரி.
அந்தத் தாய், டானியா,
எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்:
பச்சை வேன்.
அதற்குக் கீழே, பொய் சொன்னதாக ஆகிவிடக்கூடாதென்று
வண்டியின் நம்பர்.

பிறப்புச் சான்றிதழ் வாடகைக் கிடங்கில்,
கிடங்கின் பூட்டு மூன்று மாத பாக்கியில்,
தடுப்பூசி அட்டை
முந்தின ஊருக்கும் முந்தின ஊரில்.
ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டபடியே போனவளை
மார்லிஸ் நிறுத்தினாளாம்:
காகிதம் மெதுவாக வரட்டும்,
பையன் மதியச் சாப்பாட்டுக்கு முன்
வகுப்பில் இருக்கணும். சட்டம் அப்படி.

சட்டம் என்றதும்
கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டாள் டானியா.
அது இதுவரை
அவளுக்குச் சாதகமாக உச்சரிக்கப்பட்டதே இல்லை.
அதே சொல்லை இன்னும் இரண்டு தரம்,
தணிந்த குரலில்
சொல்லவேண்டியிருந்ததாம்.

என் வேலை அதற்குப் பிறகு.
நாற்பத்தொன்றாம் பேருந்து என்னுடையது,
டுலூத்தின் மேட்டுத் தெருக்களில்.
டிசம்பரில் இங்கே ஏரி தெரியாது,
ஏரி இருக்கிற பக்கத்துக் காது மட்டும் வலிக்கும்.

புதிய தடத்தாளில் ஒரு வரி கூடியிருந்தது:
பைன்க்ரெஸ்ட் மோட்டல், காலை 6.22.
காலையில் முதல் நிறுத்தம்,
மாலையில் அதுவே கடைசி.
காரணம் போடவில்லை. போடவேண்டியதும் இல்லை.
முதலில் ஏறுகிறவன் எங்கே ஏறினான் என்று
பார்க்க ஆளில்லை.
கடைசியில் இறங்குகிறவன் எங்கே இறங்கினான் என்றும்.

வெஸ்லிக்கு ஒன்பது வயது.
ஏறியதும் மூன்றாவது இருக்கை,
ஏறியதும் தூக்கம்.
மோட்டலில் பக்கத்து அறைக்காரன்
இரவெல்லாம் டிவி பார்க்கிறானாம்.
"வேன்ல சத்தமே இருக்காது" என்றான் ஒருநாள்,
சொந்த ஊரைச் சொல்வதுபோல.

பதினோராம் நாள்
சாப்பாட்டு டப்பாவை இருக்கையிலேயே விட்டுவிட்டான்.
வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன்.
மோட்டல் முற்றத்தில்
ஐஸ் எந்திரத்தின் முன்னால்
வாளியோடு கென்ட்ரா.

கென்ட்ரா, என் கடைசிக்கு முந்தின நிறுத்தம்.
செப்டம்பர் முதல்
நீலக் கதவு வீட்டு வாசலில் ஏறுகிறவள்,
அதே வாசலில் இறங்கிக் கையசைப்பவள்.
அந்த வீட்டு ஜன்னலில்
விளக்கு எரிந்து பார்த்ததில்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
அங்கிருந்து மோட்டலுக்கு
ஒன்றரை மைல், பாதிக்கு மேல் ஏற்றம்.

நான் டப்பாவை மட்டும் பார்த்தேன்.
அவள் ஐஸை மட்டும் பார்த்தாள்.

மறுநாள் காலை
நீலக் கதவு வாசலில் நின்றிருந்தாள்,
முழங்கால்வரை பனியோடு.
எத்தனையோ காலை இதே பனியைப் பார்த்து
விளையாடிவிட்டு வருகிறாள் என்று
நினைத்திருக்கிறேன்.
ஹீட்டரைக் கூட்டினேன்.
வேறென்ன செய்வதென்று
இருபத்திரண்டு வருஷம் ஓட்டியும் தெரியவில்லை.
மார்லிஸிடம் சொன்னால் வழி பிறக்கும்.
சொன்னால், அவள் இத்தனை நாள் நடந்து காப்பாற்றியதை
நான் ஒரு நிமிஷத்தில் கொட்டிவிடுவேன்.

மாலை. இருட்டிவிட்டது.
நீலக் கதவு. பிரேக். கதவைத் திறந்தேன்.
குளிர் ஏறிற்று, யாரும் இறங்கவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்.
கென்ட்ரா தன் கையுறையின் ஓட்டையை
ஆராய்ந்துகொண்டிருந்தாள்.
வெஸ்லி திரும்பிக்கூடப் பார்க்காமல்
பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டான்.

பத்து எண்ணினேன்.
பதினைந்தும் எண்ணினேன்.
கதவை மூடினேன்.

குறிப்பேட்டில்:
நேரம் 4.51. இறங்கியவர் இல்லை.