நாளையிலிருந்து வந்த கோப்பு

பாயான் லெப்பாஸ், இரவு ஷிப்ட்.
சில்லு சோதிக்கும் இயந்திரத்தின் வயிற்றில்
பழுப்பேறிய ஒரு கணினி.
இணையம் கிடையாது, யுஎஸ்பி தெரியாது,
ஃப்ளாப்பி ஒன்றுதான் உள்ளே போகும் வாசல்.

கம்பைல் செய்யச் சொன்னேன்.
இருநூற்றுப் பதினான்கு பிழைகள்.
முதல் பிழை திரையின் மேல்விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டது.
எப்போதும் அப்படித்தான்,
கடைசியில் நின்று கத்துகிறவன் குற்றவாளி இல்லை.

எல்லாவற்றையும் ஒரு கோப்புக்குள் திருப்பிவிட்டு
மேலிருந்து படித்தேன்.
எச்சரிக்கை: இந்தக் கோப்பு
எதிர்காலத்தில் திருத்தப்பட்டது.

"அபா ஜாடி?" ரோஸ்னா எட்டிப் பார்த்தாள்.
நாளைக்கு எழுதியதை
இன்றைக்கு வாசிக்க மாட்டேன் என்கிறது, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவள் மேசையில் நான்கு லாட் காத்துக் கிடந்தன.

இயந்திரத்துக்கு அன்று
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று.
எனக்கு ஏழு வயது,
நிபோங் திபாலில் முன்பல் ஆடிக்கொண்டிருக்கிறது.
நான் எழுதிய எதுவும் இன்னும் பிறக்கவில்லை.
எதைக் கட்டுவது எதை விடுவது என்று புரியாமல்
பாதியைக் கட்டிப் பாதியை விட்டிருக்கிறது.
மீதி இருநூற்றுப் பதின்மூன்றும்
அந்தப் பாதிகள் ஒன்றையொன்று தேடிக் கூப்பிட்ட கூப்பாடு.

திங்கட்கிழமை நான் ஒரு வரியை நீக்கியிருந்தேன்.
எப்போதோ கூலிமுக்கு வேலை மாறிப்போன சுல்கிஃப்லி எழுதியது.
ஒவ்வொரு முறை எழும்போதும்
இன்று என்ன தேதி என்று ஆளிடம் கேட்கும் வரி.
அதன் தலையில் ஒரு குறிப்பு: ஜாங்கான் பாடாம்.
இந்தக் காலத்தில் யார் தேதி கேட்பார்கள் என்று
அழித்தேன்.
புதன்கிழமை கரண்ட் போனது.

மூடியைக் கழற்றினேன்.
நாணயம் போன்ற பேட்டரி, செத்து எத்தனை வருடமோ.
அதே அளவு
என் மைவி சாவிக்குள் ஒன்று இருந்தது.

இப்போது ஒரே பிழை.
கடைசி வரிக்குப் பின் ஒரு வெற்று வரி வேண்டுமாம்.
மோர் ஊற்றாமல் இலையை மடிக்காத ஆள்.
ஊற்றினேன்.

சுல்கிஃப்லியின் வரியைத் திரும்ப வைத்தேன்.
அவர் குறிப்புக்குக் கீழே
என் மடிக்கணினியில் தமிழில் ஒரு சொல் சேர்த்தேன்: அழிக்காதே.
ஃப்ளாப்பி வழியாக அங்கே போனதும்
ஒன்பது கேள்விக்குறிகள்.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேட்டரி போட்ட பிறகும் அது கேட்டது, இன்று என்ன தேதி.
விரல் நின்றது. நள்ளிரவு தாண்டியிருந்தது,
நேற்றா இன்றா தெரியவில்லை.
லாட் சீட்டைப் பார்த்து ரோஸ்னாதான் சொன்னாள்.

ஏழு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில்
பொத்தானை அழுத்தினேன், மைவி அசையவில்லை.
சாவியைத் துளையில் விட்டுத் திருப்பினேன்.
கதவு திறந்தது, அலாரம் அலறியது,
நேபாளக் காவலர் டார்ச்சோடு ஓடி வந்தார்,
நன்றாக விடிந்த பிறகும் அதை அணைக்காமல்.