ஐந்தாவது தட்டு

கடலுக்கு எங்கே போவது, சேலத்தில்?
எங்களுக்கு வாய்த்தது
கருப்பூர் தாண்டி ஒரு காட்டுக்கிணறு.
ஐப்பசி மழைக்குப் பாதிக்குமேல் தண்ணீர்.
"ஜிலேபிய எத்தன வேணாலும் குத்துங்க,
விரால் மேல ஈட்டி பட்டுச்சுன்னா
கெணத்தப் பூட்டிருவேன்" என்றார் காட்டுக்காரர் சென்றாயன்.
கதவே இல்லாத கிணறு அது.

வாரத்தில் ஆறு நாள் சிவதாபுரம் பட்டறையில்
கொலுசுக்கு மெருகு போடுகிறோம், நானும் மெகராஜும்.
திராவகத் தொட்டியின் மூடி திறக்கும்போதெல்லாம்
நெஞ்சு தானாக மூச்சை நிறுத்திக்கொள்ளும்.
ஒரு நாள் அவள்தான் கேட்டாள்:
"பதினாலு வருசமா புடிச்சு வச்ச மூச்ச
ஒரு நல்ல எடத்துல செலவழிச்சா என்ன?"

செவ்வாய்ப்பேட்டையில் ஆறடி ஸ்டெயின்லெஸ் கம்பி.
முனையை மூன்றாக்கி முள் வைத்துக் கொடுத்த லேத்துக்காரன்
"எந்தக் கோயிலுக்கும்மா?" என்றான்.
பெரியாஸ்பத்திரி எதிரே மஞ்சள் ரப்பர் குழாய், ஒன்றரை முழம்.
கூரியரில் வந்த முகக்கண்ணாடியில் புதுச் செருப்பு வாசனை.
இடுப்புக்கு ஈயம் கிடைக்கவில்லை,
மெகராஜ் வீட்டு எடைக்கல் இரண்டைக் கட்டிக்கொண்டேன்,
அரசாங்க முத்திரையோடு.

கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்க்க வேண்டும்.
மூக்கைப் பிடித்துக் காதுக்குள் ஊத வேண்டும்,
டப்பென்று உள்ளே ஒரு கதவு திறக்கும்வரை.
வலித்தால் ஏறிவிட வேண்டும், ரோசம் கூடாது.
இறங்குமுன் புஸ்புஸ் என்று மூச்சு வாங்கினால்
தண்ணீருக்குள் சொல்லாமல் மயக்கம் வரும்.
ஒருத்தி கீழே என்றால் ஒருத்தி மேலே.

மேலே இருப்பவள் கடைசிப் படியில் உட்கார்ந்து
பத்து எண்ணிக்கைக்கு ஒருமுறை
கல்லால் கல்லைத் தட்டுவாள்.
உள்ளே அது
காதோரம் யாரோ விரல் சொடுக்குவதுபோல் கேட்கும்.
ஐந்தாவது தட்டுக்கு ஏறியாக வேண்டும்.

மூன்று ஞாயிறு ஒன்றும் இல்லை.
கண்ணாடிக்குள் மீன் பெரிசு, கிட்டத்தில்,
கன்னத்தைக் கிள்ளிவிடலாம்.
ரப்பரை விட்டால் ஈட்டி அரை முழம் முன்னாலேயே நிற்கும்.
ஜிலேபி ஓடக்கூட இல்லை,
கடன் கேட்டவளைப் பார்ப்பதுபோல்
ஒரு பார்வை பார்த்துத் திரும்பிக்கொண்டது.
நான்காம் ஞாயிறு பாறையில் மோதி ஒரு முள் வளைந்தது.
லேத்துக்காரன்: "சாமி ரொம்பக் கோவக்காரரோ?"

அதன்பிறகு துரத்துவதை விட்டேன்.
பத்தடி ஆழத்தில், பழைய மோட்டார் குழாயைக் கட்டிக்கொண்டு
சும்மா இருந்தேன்.
ஒன்று. பச்சை வெளிச்சம்.
இரண்டு. என் முடி மட்டும் அசைந்தது.
மூன்று. ஜிலேபிகள் தாமே வந்தன,
புதுக் குடித்தனத்தை வேடிக்கை பார்க்க.
வயிறு ஒருமுறை உதறியது.
நான்கு.
அப்போதுதான் விட்டேன்.
ஈட்டியின் மறுமுனையில் ஒரு துடிப்பு
கம்பி வழியாக ஏறி என் முழங்கை வரை வந்தது.
அது இப்படி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அந்தச் சமயம் குழாயின் நிழலிலிருந்து
நிழலைவிடக் கறுப்பாய் ஒரு விரால்
என்னைக் கடந்து மேலே போனது, அவசரமில்லாமல்.
ஐந்துக்குக் காத்திருந்தேன்.
ஐந்து வரவில்லை.
வயிறு மறுபடி உதறியது. வரவில்லை.
பிறகு நான் எண்ணத்தை நம்பவில்லை,
காலை உதைத்தேன்.

வெளியே வந்ததும் வாயில் வந்ததெல்லாம் திட்டினேன்.
மெகராஜ் கையில் கல்லோடு நின்றாள், முகம் வெளுத்து.
"கறுப்பா ஒண்ணு மேல வந்து
வாயத் தொறந்து காத்து குடிச்சுதுடி.
நீதான்னு நெனச்சு
எண்றத நிறுத்திட்டேன்."

விராலுக்கும் மூச்சு முட்டும்,
அதுவும் எண்ணிக்கொண்டுதான் கீழே கிடக்கும் போல.
இப்போது நானும் உள்ளே எண்ணுகிறேன்,
தட்டு கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

பட்டறைத் தூசி வாங்க வந்தவர் திங்கட்கிழமை
குவியலில் எதையோ நகத்தால் தனியே எடுத்தார்.
"இது வெள்ளி இல்லையே."
தராசில் வைத்தார். எண் மாறவில்லை.
ஒரு செதில்.
திராவகத் தொட்டி மூடித்தான் இருந்தது.
நானும் மெகராஜும்
மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.