ஒன்று தசம் ஏழு

மூத்திரப் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதே
தெரிந்துவிட்டது.
கலங்கல்.
மாரி முடிகிற கிழமை
வழுக்கியாற்றில் ஓடுகிற நிறம்.

இரவு எட்டு மணி அலாரம் அடிக்கையில்
நடுக்கம் கட்டிலையும் சேர்த்து ஆட்டியது.
ஒரு கையால் வலது அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு
மறுகையால் மாத்திரையை விழுங்கினேன்.
எட்டு வருடத்தில் ஒருநாளும் பிந்தவில்லை.
உடம்பின் காவல்காரரை உறங்கவைக்கிற மாத்திரை.
அவர்கள் விழித்திருந்தால்
அக்காவை அந்நியள் என்று அடித்துத் துரத்துவார்கள்.
உறங்கினாலோ
கண்ட கிருமியும் கடப்பால் நுழையும்.

பெரியாஸ்பத்திரி, ஆண்கள் வார்ட், சுவரோரக் கட்டில்.
நரம்பு தேடித் தேடி
நாலாம் குத்தில் கண்டுபிடித்தாள் தாதி ஜெனிற்றா.
இடது கையை நீட்டினேன்.
டயலிசிஸ் காலத்தில் வெட்டித் தைத்த குழாய்
இன்னும் அதற்குள் இரைந்துகொண்டிருக்கிறது,
காதருகே வைத்தால் கேட்கும்.
"அந்தக் கை வேண்டாம்" என்றார் டொக்டர்,
"அதை வைச்சிருப்பம்."
எதற்கென்று அவர் சொல்லவில்லை.
நானும் சின்னப்பிள்ளை இல்லை.

காய்ச்சலுக்கு முன் கிரியேற்றினின் ஒன்று தசம் மூன்று.
வந்த அன்று இரண்டு தசம் ஒன்பது.
வழமையான மருந்துக்கு மசியாத கிருமியாம்.
ஒரு நாளைக்கு மூன்று தரம் சேலைன் வழியே ஊசிமருந்து,
பதினாலு நாள்.
பக்கத்துக் கட்டில் கந்தரோடை ஐயா
ஒவ்வொரு தரமும் துளிகளை எண்ணினார்,
எனக்காக அல்ல, நித்திரை வராமல்.

அக்கா தவமலர்
பக்கத்து வளவில்தான் இருக்கிறாள்.
மூன்று வருடமாய்க் கதை இல்லை.
காணி உறுதியில் எழுதியிருக்கிறது:
'கிணற்றில் அரைப் பங்கும் வாய்க்காலும் வழியும்.'
வழி எந்தப் பக்கம் என்பதில்தான்
மல்லாகம் கோட்டில் வழக்கு.
அவள் எனக்குத் தந்ததற்கு
உறுதி எழுதவில்லை நாங்கள்.
எழுதியிருந்தாலும்
எந்த நொத்தாரிசு எழுதுவார் அதற்கு ஓர் உறுதி?

ஆறாம் நாள் வந்தாள்.
பார்வையாளர் நேரம் முடிந்து, குடையோடு,
காவலாளியிடம் என்ன பொய் சொன்னாளோ.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
ஜெனிற்றாவிடம் கேட்டாள்:
"அது எப்பிடி இருக்கு?"

அது.
இவன் அல்ல, தம்பி அல்ல.

பிறகு போர்வைக்கு மேலால்
சரியாய் அந்த இடத்தில் கை வைத்தாள்.
தோலுக்குக் கீழே ஒரு விரல் ஆழத்தில்
தாய்வீட்டுக்கு வந்த பிள்ளைபோல அது அசையாமல் கிடந்தது.
"சூடு குறைஞ்சிட்டுது" என்றாள்,
அதற்கோ எனக்கோ.

அவள் கதிரையில் இருக்கிற விதம் இப்போதும் ஒரு பக்கச் சரிவு.
ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவளின் பிரஷர் என்ன என்று
எட்டு வருடத்தில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்?
ஒரு தரம்.
வழக்குக்கு முதல்.

டொக்டர் வந்தார். இப்படி ஒரு தொற்று வந்தால்
உள்ளே கொஞ்சம் தழும்பு மிஞ்சும் என்றார்.
உயிரோடு இருப்பவர் கொடுத்த சிறுநீரகம்
பாதிப் பேருக்குப் பதினைந்து வருடம் தாண்டும் என்றார்.
மற்றப் பாதியை நான் கேட்கவில்லை.
அக்கா கேட்டாள்.
அவர் பேனையை மூடித் திறந்து மூடினார்.

துண்டு வெட்டிய அன்று ஒன்று தசம் ஏழு.
"இனி இதுதான் உங்கட கணக்கு,
இதைக் காப்பாற்றுவம்."
மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில் போனது
அவளுடையதா, என்னுடையதா?
பங்கு பிரிக்கத் தெரியவில்லை.

வீட்டில் தண்ணீர் கொதிக்கிறது.
அரைப் பங்குக் கிணற்றுத் தண்ணீர்தான்.
வழக்குத் தவணை அடுத்த மாதம் பதினாலு.
இரண்டு பேரும் போகத்தான் வேண்டும்.
ஒரு ஓட்டோ காணும் என்று வேலிக்கு மேலால் சொன்னாள்.
காசு அரைவாசி.