பொறுப்பில்லை

இந்தக் கல்லில் உளி படுவதில்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பார்க்க வருகிறவர்கள் எல்லாரும்
பள்ளத்தைத் தேடி விரலால் தடவுகிறார்கள்.
தடவாதீர்கள்.
விரலின் எண்ணெயைக் கல் குடித்துவிடும்,
நாளைக்கு நாற்பது தாளிலும் உங்கள் கைரேகை.

உபி தொழிற்பேட்டை, நாலாம் மாடி.
மின்தூக்கி வரைக்கும் தள்ளுவண்டி,
அதற்கப்புறம் நானும் ரொஹைசாட்டும் எங்கள் இடுப்பும்.
எழுபத்தெட்டு கிலோ சுண்ணாம்புக்கல்.
பவேரியாவில் வெட்டியது
பாக்தாத் தெரு ரொட்டிக் கடையின் பின்கட்டில்
எரிவாயு உருளைக்கு அடியில்
குப்புறக் கிடந்தது.
முப்பது வெள்ளிக்குப் பேசி முடித்தான்.

புரட்டிக் கழுவினோம். சோப்புப் போடவில்லை,
சோப்பும் கொழுப்புதான்.
வெளிறிய மஞ்சள். ஒன்றுமில்லை.
வேலம்பிசின் நீரால் துடைத்து
ஈரம் காய்வதற்குள்,
சும்மா ஒரு நப்பாசையில்,
மை உருளையை உருட்டினேன்.

தண்ணீர் நின்ற இடத்தில் மை விலகியது.
என்றோ கொழுப்புத் தொட்ட இடத்தில்
தண்ணீர் விலகியது.
இவ்வளவுதான் இந்தத் தொழில்.
கல்மேல் எழுத்து என்பார்கள், நீர்மேல் எழுத்து என்பார்கள்,
எனக்கு இரண்டும் ஒரே மேசையில்.

வலமிருந்து இடமாக வரி எழுந்தது.
"ஜாவியா?" என்றான் ரொஹைசாட்.
தமிழ்.
கொம்புகள் பின்னால் போய்
ணகரம் எதிர்ப்பக்கம் சுழித்து
முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற தமிழ்.
எழுதியவர் கை ஓரிடத்திலும் நடுங்கவில்லை.

தாளைப் பரப்பி, மேலே அட்டை வைத்து,
நெம்புகோலை இறக்கிச் சக்கரத்தைச் சுற்றினேன்.
கல் அழுத்துகட்டைக்குக் கீழே முனகிக்கொண்டு போனது.
மூலையைப் பிடித்து உரித்தேன்:

*சகலருக்கும் அறிவிப்பு.
என் மனைவி சுலைகா நாச்சியார்
என் சம்மதமின்றி வாங்கிய தையல் மெஷின் வகையறாக்
கடன்களுக்கு இன்று முதல் நான் பொறுப்பில்லை.
இப்படிக்கு*

இப்படிக்கு யார்?
பின்கட்டில் பல வருஷம் ஓடிய புளித்தண்ணீர்
அந்த மூலையை அரித்திருந்தது.
அமிலம்தானே, சுண்ணாம்பை விடுமா.
ஆள் பெயர் போயிற்று, தெரு போயிற்று, தேதி போயிற்று.
மிச்சம் அவளும் மெஷினும்.

நான்கு பிரதி எடுத்தோம். ஒன்று நூலகத்துக்கு.
வியாழக்கிழமைக்குள் மெய் சுவானுக்குக் கல் வேண்டும்.
கார்போரண்டம் மணலைத் தூவி
இரும்புத் தட்டை எட்டு எட்டாகச் சுழற்றினேன்,
முதலில் கொரகொர மணல், பிறகு நடுத்தரம், பிறகு மாவு.
சாம்பல் குழம்பில் வரி வரியாகக் கரைந்தது.
'பொறுப்பில்லை' கரைந்தபோது
கொஞ்சம் அழுத்தித் தேய்த்ததை ஒப்புக்கொள்கிறேன்.

மெய் சுவான் கொழுப்புக் கட்டியால் வரைந்தாள்:
பிடோக் பேருந்து நிறுத்தம், ஆளில்லாத பெஞ்சு, மழைக்கு முந்தைய வானம்.
குங்கிலியத்தூள், முகப்பவுடர், பிசினில் பன்னிரண்டு சொட்டு நைட்ரிக்.
வெளியே சுமத்ராக் காற்று அடித்தது,
பிசின் காயவே மாட்டேன் என்றது,
முடி உலர்த்தியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் நின்றேன்.
பிறகு டர்பெண்டைன்.
படம் முழுக்கத் துடைபட்டுப் போகும் நிமிஷம் அது.
மெய் சுவான் வாயைப் பொத்திக்கொண்டாள்.
போகவில்லை அம்மா, உள்ளே இறங்கியிருக்கிறது.

மை ஏறியது, நிறுத்தம் வந்தது, பெஞ்சு வந்தது.
ஏழாவது தாளில்
வானத்தின் இடது ஓரத்தில் ஒரு மங்கல்.
எட்டாவதில் அது 'லை'.
ஒன்பதாவதில் 'சுலைகா'.

சுரண்டக் கத்தியை எடுத்தேன்.
மெய் சுவான் என்னவென்று கேட்டாள். சொன்னேன்.
தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தாள்.
"மெஷினைத் திருப்பிக் கொடுத்தாளா?"
எனக்கெப்படித் தெரியும்.
"அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

ரொஹைசாட் பஞ்சைப் பிழிந்துவிட்டான்.
கல் காய்கிறது,
பத்தாவது தாளைக் கொடு.