மூன்றே அரைக்கால் அங்குலம்

அலுமினியத் தகட்டில் ஆறு வட்டம்,
ஒவ்வொன்றும் மூன்றே அரைக்கால் அங்குலம்.
பழைய வாய்ப்பாட்டை மறந்தவர்களுக்கு:
மூன்றும், எட்டில் ஒன்றும்.

முதல் தகட்டை நான்தான் வெட்டினேன்.
அரைக்கால் என்றது
கால் என்று காதில் விழுந்தது.
அது இப்போது சித்தேஸ்வரன் வீட்டு அடுக்களையில்
டம்ளர் செருகி வைக்கும் பலகை.

ஓமலூருக்கு வடக்கே
ஜவ்வரிசி ஆலையின் காலிக் கிடங்கு.
ஈரம் ஏறினால் சுவரிலிருந்து
கிழங்குப் பால் புளித்த வாடை வரும்.
இறக்கை இரண்டும் பழைய போர்வைக்குள்.
உடல் மட்டும் நடுவில்,
முகம் பொருத்தப்படக் காத்து.

நான் விசைத்தறி மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவள்.
பியூலா உருக்காலையில் அளவுமானிப் பிரிவு,
நைட் ஷிப்ட் முடிந்து நேராக வருவாள்.
சித்தேஸ்வரனுக்கு லைசென்ஸ் இருக்கிறது,
கடன் இருக்கிறது,
பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய
இந்த விமானமும் இருக்கிறது.

திசைகாட்டி பதினோரு பாகை தள்ளி நின்றது.
"கஞ்சமலைதான். அத்தனையும் இரும்பு,
இழுக்காம என்ன பண்ணும்?" என்றான்.
மலைமேல் பழி போடுவது சுலபமாகத்தான் இருந்தது.
பியூலா பதில் சொல்லாமல்
பேனலுக்குப் பின்னே கைவிட்டுத் துழாவி
ஒரு திருகைக் கழற்றினாள்.
எஃகு.
அந்த இடத்தில் பித்தளை ஏறியதும்
முள் ஒருமுறை தயங்கி வடக்கே திரும்பியது.
மலை அதன் பாட்டுக்கு இருந்தது.

உயரமானி செகண்ட் ஹேண்ட்.
யார் வயிற்றைக் கலக்கியதோ, எந்த வானத்திலோ.
சோதிக்கிற கருவி எங்களிடம் இல்லை.
இருந்தது
ஏற்காடு பஸ்.

துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்,
பின்துளை மூச்சு விடத் திறந்தபடி.
அடிவாரம் தாண்டியதும் முள் நகர்ந்தது.
"கெடிகாரம் ரிப்பேராக்கா?
ஒரு வளைவுக்கு ஒரு மணி ஓடுதே"
என்றார் கண்டக்டர்.
அறுபதடிப் பாலத்தில்
பெயருக்கும் முள்ளுக்கும் ஒத்துப்போகவில்லை.
பதினோராம் கொண்டை ஊசியில் என் காது அடைத்தது;
அதே நேரம் முள்ளும் நின்றுவிட்டது.
முன்சீட்டுப் பையன் பாலிதீன் பைக்குள் குனிந்திருந்தான்.
மூவருக்கும் ஒரே மலை.
பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது,
எச்சில் விழுங்கினேன்,
காதும் திறந்தது, முள்ளும் ஓடியது.
ஏரிக்கரையில் இறங்கிப் பார்த்தபோது
நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு.
சரியான கணக்கு.
தட்டினால் ஓடும் என்று நோட்டில் எழுதினேன்.
ஒரு மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு
அடுத்த பஸ்ஸில் அதை இறக்கிக் கொண்டுவந்தேன்.

வட்டத்துக்குள் அது
சிக்காமல், ஆடாமல் உட்கார்ந்தது.
அரைக்காலின் அருமை அப்போது தெரிந்தது.
நூற்றுப் பதினேழு கம்பி, ஒவ்வொன்றிலும்
பியூலாவின் பொடி எழுத்தில் ஒரு பெயர்.
ஆறாவது வட்டத்துக்குப் பணம் இல்லை.
காசு வரும்வரை ஓர் எவர்சில்வர் மூடி,
காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துத்தான் போட்டாள்.

இன்னும் பறக்கவில்லை.
காகிதங்கள் டெல்லியில் ஏதோ மேசைமேல்.

நேற்று இரவு கடலில் தாழ்வு நிலை,
விடியும்வரை தகரக் கூரையில் மழை.
காலையில் கிடங்கைத் திறந்தோம்.
சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்தபடி,
வால் கயிற்றில் கட்டியபடி,
என்ஜின் சில்லென்று.
முள் மட்டும்
நேற்றைக்கு நூற்றிருபது அடி மேலே.

"காத்தழுத்தம் கொறஞ்சிருக்கு,
திருகி எறக்கிடு" என்றாள் பியூலா.
சித்தேஸ்வரன் குமிழில் விரல் வைத்தான்,
திருகவில்லை.
நான் டீ வாங்கப் போனேன்,
வழக்கத்தைவிட மெதுவாக.