கணக்கில் சேராத அறை

மாட்டுங்கா லேபர் கேம்ப், பால்வாடி அறை,
ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி.
குழந்தைகளின் நாற்காலிகளில்
முழங்கால் மோவாயில் இடிக்க
இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம்.
ருஜுதா சுவரில் ஓர் உருண்டையைச் சுழலவிட்டாள்.
நீலமாய்த் தொடங்கிய பூமி
நூற்றைம்பது வருடத்தில்
மிளகாய் வற்றல் நிறத்துக்கு வந்து நின்றது.

எல்லோருக்கும் இந்தி தெரியும்தான்,
காய்கறி பேரம் பேசுகிற இந்தி.
இது காகிதத்து இந்தி.
அதனால் நான்.

'ஒன்றரை டிகிரி' என்றாள்.
'ஒன்றரை டிகிரி' என்றேன்.
பின்வரிசையில் ஒரு சிரிப்பு:
'அம்புட்டுத்தானா?
எங்க தகரத்துல ஒருக்கா கைய வச்சுப் பாக்கச் சொல்லு.'
அந்தச் சிரிப்புக்கு இந்தியில் சொல் கிடைக்காமல்
'சந்தேகம் கேட்கிறார்கள்' என்று முடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கொரு கருவி,
தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது.
மணிக்கொரு முறை குறிக்க ஒரு நோட்டு, ஒரு பேனா.
உங்கள் எண்கள் கடல் தாண்டிப் போகும்,
நாடுகள் கூடும் மேசையில் உட்காரும் என்றாள்.
இதைத் தமிழில் சொன்னபோது
என் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது
எனக்கே கேட்டது.

செண்பகவல்லி கருவியை அடுப்புக்கு மேலே மாட்டினாள்.
வேறு எங்கே மாட்டுவாள்?
பத்துக்குப் பன்னிரண்டில்
மூன்று இட்லிக் கொப்பரை, ஒரு கிரைண்டர்,
நான்கு உடம்பு.
இரவு இரண்டுக்குப் பற்றவைத்தால்
விடியும்போது ஆயிரத்து இருநூறு இட்லி
சைக்கிளேறி சயானுக்கும் பரேலுக்கும் போகும்.
அவள் நோட்டு இப்படி இருந்தது:

ரெண்டு: 38.
மூணு: 44. மாவு பொங்கிட்டு.
நாலு: 46. பையன் பாயோட வெளிய போயிட்டான்.
அஞ்சு: பாக்கல. தலை சுத்தல்.
ஆறு: 47. கரண்ட் போச்சு.

ஆறு வாரம் கழித்து வரைபடம் வந்தது.
அறுபது வீட்டில் ஐம்பத்தொன்பது புள்ளி.
ஒன்று எங்கே என்றேன்.
ருஜுதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
'அது அடுப்பின் சூடு, வானிலை இல்லை.
சேர்த்தால் சராசரி கெட்டுவிடும்.'
நியாயம்தான்.
அடுப்பைக் கொண்டுபோய் ஆகாயத்தின் தலையில் எழுத முடியாது.
ஆனால் அந்த நாலு சுவருக்குள்
இரண்டையும் ஒரே மூக்கால்தானே இழுக்கிறார்கள்
என்று சொல்ல நினைத்து,
பெயர்ப்பவனுக்குச் சொந்தப் பேச்சு எதற்கு என்று
விட்டுவிட்டேன்.

செண்பகவல்லியிடம் சொன்னபோது
தட்டுத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.
'அடுப்பில்லாம அளந்தா எடுத்துக்கிடுவாகளா?'
எடுத்துக்கொள்வார்கள்.
'அவ்வளவுதான?'

செவ்வாய் இரவு கொப்பரைகளைக் கவிழ்த்து வைத்தாள்.
இரண்டு மணிக்கு உடம்பு தானாக எழுந்துகொண்டதாம்.
விளக்கைப் போட்டு, கருவிக்கு எதிரே
சும்மா உட்கார்ந்திருந்தாளாம்.
பதினாலு வருடத்தில் முதல் முறையாக
வீடு தன் சொந்தச் சூட்டை மட்டும் காட்டியது.
ரெண்டு: 35. மூணு: 35. நாலு: 35.
தகரம் பகலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தது,
வட்டிக்காரனிடம் தவணை கட்டுகிறவன் மாதிரி.
பையன் அன்றைக்கும் வெளியேதான் படுத்தான்.

ருஜுதா அதை வாங்கிக்கொண்டாள்.
அறுபதாவது புள்ளி, இளம் ஆரஞ்சு.
நோட்டின் கடைசித் தாளில் இன்னொன்றும் இருந்தது,
நான் பார்க்காமல் கொடுத்துவிட்டேன்:

ஒரு ராத்திரி அடுப்பு பத்த வைக்காதது.
இட்லி 1200, ஒண்ணு மூணு ரூவா.
மொத்தம் 3600.

சத்தமாகப் படித்துப் பெயர்த்தேன், ஒரு சொல் விடாமல்.
வெகுநேரம் யாரும் பேசவில்லை.
திட்டத்தின் கணக்கில் இதற்குத் தலைப்பு இல்லை,
ருஜுதா மேலும் கீழும் தேடினாள்.
கடைசியில்
'சிற்றுண்டிச் செலவு' என்று எழுதி
கையெழுத்துப் போட்டாள்.