எத்தனை பேர்?

வெட்டூர்ணிமடம் தாண்டி, டயர் கடைக்கு மேல்மாடி.
படியேறும்போதே மல்லிப்பொடி நெடி,
கதவு திறந்தால் ஏசிக் குளிர்.
"எத்தனை பேர்?" என்கிறான் வாசலில் நிற்பவன்.
ஒரு விரல் காட்டுகிறேன்.
எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான்,
யாரோ பைக்கை நிறுத்திவிட்டு வருவார்கள் என்று.
வரமாட்டார்கள் தம்பி.

காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை
பட்டுச்சேலை, மூன்றாம் தளம், நின்றே இருந்தவள்.
ஸ்டூல் உண்டு. சட்டம் வந்தபோது வாங்கிப் போட்டார்கள்.
அதில் இப்போது பிளவுஸ் பிட் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன.

அதனால் முதலில் நான் சாப்பிடுவது நாற்காலியை.
சாய்வுள்ள, சிவப்பு ரெக்சின் நாற்காலி.
செருப்பைக் கழற்றிவிட்டு
பாதத்தின்மேல் பாதம் போட்டு
பத்து நிமிடம், மெல்ல.
பிறகுதான் மெனு.
ரெண்டு புரோட்டா, ஒரு பீஃப் ரோஸ்ட்,
பிறகு சொல்கிறேன் என்று ஒரு லைம் டீ.

போன் அடிக்கிறது. டெல்பினா.
மெல்பர்னில் மணி ஒன்றே முக்கால்.
ஆற்றங்கரை உணவகத்தில் கடைசித் தட்டையும் கழுவிவிட்டு
டிராமுக்கு நிற்கிறாள்.
தொப்பிக்குள் மூக்கு மட்டும் தெரிகிறது.
அவளுக்குப் பின்னால் தண்ணீரில்
யார் யாருடைய சனிக்கிழமையோ
நீலமும் மஞ்சளுமாய் ஆடுகிறது.

மூன்று வருடமாய் அங்கே வேலை.
முன்வாசல் வழியாய் ஒருநாளும் உள்ளே போனதில்லை.
"ஒரு சிப்பி என்ன விலை தெரியுமா எக்கா?
நம்ம குளச்சல்ல ஒரு கூடை மீன் வரும்."
சிரிக்கிறாள். வாயிலிருந்து புகையாய் வருகிறது குளிர்.

புரோட்டா வந்ததும் போனைத் தட்டுக்குத் திருப்பினேன்.
"அது வேண்டாம். தட்டு பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு.
சும்மா இருக்கவியளக் காட்டு."

காட்டினேன்.
மூலையில், பிறந்தநாள் கேக்கை வெட்டாமல்
கால்மணி நேரமாய்ப் படம் எடுக்கும் காலேஜ் பிள்ளைகள்.
ஜன்னலோரம், பேச ஒன்றுமில்லாமல்
ஒரே ஃபலூடாவை இரண்டு ஸ்பூனால் தோண்டும் தம்பதி.
தொட்டிலைப்போல் ஒரு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
ஆனிச் சாரலை வேடிக்கை பார்க்கும் வழுக்கைத்தலைக்காரர்.
"அவரு என்ன செய்யாரு?"
"ஒண்ணும் செய்யேல்ல."
"இன்னும் கொஞ்சம் பக்கத்தில கொண்டு போ."

அப்போதுதான் லைம் டீயோடு
சட்டகத்துக்குள் வந்துவிட்டான் திபாங்கர்.
சட்டையில் குத்தியிருந்த பெயரை அவள்தான் வாசித்தாள்.
இந்தியில் ஏதோ கேட்டாள்.
அவன் டிரேயை இடுப்பில் அணைத்துக்கொண்டு பதில் சொன்னான்.
அவள் கையை நீட்டி ஐந்து விரல் காட்டினாள்.
அவன் ஆறு.
ஆளா, தட்டா, மணிக்கணக்கா, தெரியவில்லை.
எனக்கு இந்தி சேலை விற்கும் அளவுதான்.

அவள் கையுறையைக் கழற்றி
சோப்பு தின்ற விரல்களைக் கேமராவில் வைத்தாள்.
அவன் "அரே!" என்று, தன் மணிக்கட்டில்
கல்லில் சுட்ட தழும்பைக் காட்டினான்.
இருவரும் சிரித்தார்கள்,
ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்போல.
மானேஜர் பில் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார்.
"அண்ணாச்சி, நான்தான் கூப்பிட்டேன்" என்றேன்.
அவர் என்னை ஒருமுறை, தட்டை ஒருமுறை பார்த்துவிட்டு
காசு எண்ணப் போனார்.

"உட்காருங்க" என்று எதிர் நாற்காலியைக் காட்டினேன்.
அவன் தலையை ஆட்டினான்.
நாற்காலியின் முதுகில் கைமட்டும் வைத்தான்.
ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றினான்.
அந்த அசைவு எனக்குத் தெரியும்.
பதினோரு வருடப் பழக்கம்.

டிராம் இன்னும் வரவில்லை.
அவர்கள் இப்போது எதையோ
விலை பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள்.
இடது கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி,
தோள் கடுக்க,
வலது கையால் ஆறிப்போன ரோஸ்ட்டில்
புரோட்டாவைத் தோய்த்துத் தின்றேன்.
காரம் கொஞ்சம் கூடுதல்.
சொல்ல வாய் வரவில்லை.